இம்யூனோதெரபி தொடங்கும்போது குடலுக்கு எது நல்லது: நார்ச்சத்தா, புரோபயாடிக் மாத்திரையா, மலமாற்று சிகிச்சையா?

புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி எனப்படும் நோயெதிர்ப்பு சிகிச்சை முடிவானதும், எந்த மருந்து, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்ற விவரங்களுக்கு அடுத்தபடியாகக் குடும்பத்தார் கேட்பது பெரும்பாலும் உணவைப் பற்றித்தான். எடை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிடித்ததைச் சாப்பிடுங்கள் என்பதே நெடுங்காலமாக அதற்குச் சொல்லப்பட்டு வந்த பதில். கடந்த பத்தாண்டு ஆராய்ச்சிகள் அந்தப் பதிலை முழுமையற்றதாக்கிவிட்டன. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் இந்த மருந்துகளின் பலனைக் கூட்டவோ குறைக்கவோ கூடும் என்பதற்குச் சான்றுகள் சேர்ந்துள்ளன. அந்தச் செய்தி பரவிய வேகத்தில், நார்ச்சத்து மிகுந்த உணவு, உயிருள்ள பாக்டீரியாக்களை அடக்கிய, மருந்துக்கடையில் கிடைக்கும் புரோபயாடிக் மாத்திரை, இன்னொருவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களைக் குடலுக்குள் செலுத்தும் மலமாற்று சிகிச்சை, ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தவிர்ப்பது எனப் பல வழிகள் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. இவற்றுக்குப் பின்னால் உள்ள ஆதாரம் ஒரே தரத்தில் இல்லை. ஆபத்தும் ஒரே அளவில் இல்லை. சிகிச்சையின் வாசலில் நிற்பவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம், எதைத் தள்ளிவைக்கலாம் என்று எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சிகிச்சை வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். நம் உடலின் நோயெதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் கட்டுமீறித் தாக்காமல் இருக்க அவற்றின் மேல் பிடி-1, சிடிஎல்ஏ-4 போன்ற புரதங்கள் பிரேக் போலச் செயல்படுகின்றன. புற்றுநோய் அந்த பிரேக்கைத் தனக்குச் சாதகமாக அழுத்தி வைத்துக்கொள்கிறது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், இபிலிமுமாப் போன்ற மருந்துகள் அதைத் தளர்த்தி, டி செல்கள் புற்றுநோயைத் தாக்க வழிவிடுகின்றன. இதற்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், முற்றிய மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில்கூட, பிடி-1 மருந்தைத் தனியாகக் கொடுத்தால் ஏறக்குறையப் பத்தில் நான்கு பேருக்கே கட்டி கணிசமாகச் சுருங்குகிறது. வேறு பல புற்றுநோய்களில் இந்த விகிதம் இன்னும் குறைவு. ஒரே மருந்து ஒருவருக்குப் பலித்து மற்றவருக்குப் பலிக்காமல் போவது ஏன் என்று தேடியவர்களில் சிலர்தான் குடலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்தத் தேடலில் ஒரு சோதனையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தாமஸ் கஜெவ்ஸ்கியின் குழுவினர், ஒரே மரபினத்தைச் சேர்ந்த எலிகளை இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து வாங்கி, இரு தரப்புக்கும் மெலனோமா செல்களைச் செலுத்தினார்கள். மரபணு ஒன்றாக இருந்தும், ஒரு நிறுவனத்து எலிகளில் கட்டி மெதுவாகவும் மற்றதில் வேகமாகவும் வளர்ந்தது. பிறகு இரு தரப்பு எலிகளையும் ஒரே கூண்டில் சேர்த்து வளர்த்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. எலிகள் ஒன்றன் எச்சத்தை மற்றொன்று தின்னும் வழக்கமுடையவை. ஆகவே கூண்டைப் பகிர்ந்துகொள்ளும் எலிகள் குடல் நுண்ணுயிர்களையும் பகிர்ந்துகொள்கின்றன. வேறுபாட்டுக்குக் காரணமாக அவர்கள் சுட்டியது பிஃபிடோபாக்டீரியம் என்னும் பாக்டீரியாவை. அதே 2015ஆம் ஆண்டில், பாரிஸ் அருகே உள்ள குஸ்தாவ் ரூஸி புற்றுநோய் மையத்தில் லாரன்ஸ் ஸிட்வோகலின் குழு, நுண்ணுயிர்களே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளிலும், ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்ட எலிகளிலும் சிடிஎல்ஏ-4 மருந்து பலிக்கவில்லை என்று காட்டியது. 2018இல் மூன்று குழுக்கள் ஒருசேர மனிதர்களிடமிருந்து தரவுகளை வெளியிட்டன. மருந்து பலித்த நோயாளிகளின் மலத்தை நுண்ணுயிரற்ற எலிகளுக்குள் செலுத்தினால் அந்த எலிகளுக்கும் மருந்து பலிக்கிறது. பலிக்காதவர்களின் மலத்தைச் செலுத்தினால் பலிப்பதில்லை என்பதே அவற்றின் சாரம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மூன்று ஆய்வுகளும் "நல்ல பாக்டீரியா" என்று சுட்டியவை ஒன்றாக இல்லை. ஸிட்வோகலின் குழு அக்கர்மான்சியா மியூசினிஃபிலாவைச் சுட்டியது. ஜெனிஃபர் வார்கோவின் டெக்சஸ் குழுவுக்கு ஃபீகலிபாக்டீரியம் முக்கியமாகத் தெரிந்தது. கஜெவ்ஸ்கியின் குழு பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் உள்ளிட்ட வேறு சிலவற்றைப் பட்டியலிட்டது. பின்னர் 2022இல் பல நாட்டு மெலனோமா நோயாளிகளின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும், எல்லா இடத்திலும் பலனை முன்னறிவிக்கும் ஒற்றை பாக்டீரியா எதுவும் கிடைக்கவில்லை. எந்த பாக்டீரியா வேண்டும் என்பதே உறுதியாகாத நிலையில், அதை மாத்திரையாக்கி விற்பவர் எந்த அடிப்படையில் விற்கிறார் என்ற கேள்வியை இந்த இடத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி முதல் தேர்வான நார்ச்சத்துக்கு வருவோம். இதைப் பற்றிப் பெரிதும் பேசப்படும் ஆய்வு வார்கோவின் குழுவினர் 2021 டிசம்பரில் வெளியிட்டது. இம்யூனோதெரபி பெற்ற மெலனோமா நோயாளிகளில் 128 பேரின் உணவு விவரங்களைக் கேட்டு, நாளொன்றுக்கு 20 கிராமோ அதற்கு மேலோ நார்ச்சத்து உண்டவர்களையும் அதற்குக் குறைவாக உண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். போதிய அளவு உண்டவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் நீண்டிருந்தது. நாள்தோறும் உண்ணும் நார்ச்சத்தில் ஒவ்வொரு 5 கிராம் கூடுதலுக்கும், நோய் முற்றுவது அல்லது மரணம் நேர்வது என்ற அபாயம் சுமார் 30 சதவீதம் குறைந்ததோடு தொடர்புற்றிருந்தது. அதே குழு எலிகளிலும் சோதித்தது: நார்ச்சத்து மிகுந்த தீனி உண்ட எலிகளுக்கு மருந்து நன்கு பலித்தது, நுண்ணுயிரற்ற எலிகளில் அந்தத் தீனியால் எந்த வேறுபாடும் ஏற்படவில்லை. நார்ச்சத்து நேரடியாகப் புற்றுநோயோடு மோதவில்லை, பாக்டீரியாக்களின் வழியாகவே வேலை செய்கிறது என்பதை இந்தச் சோதனை தெளிவாகக் காட்டுகிறது.

5 கிராம் என்பது எவ்வளவு? தோலோடு உண்ணும் நடுத்தர ஆப்பிள் ஒன்றில் 4 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். வேகவைத்த மசூர் பருப்பு அரைக் கோப்பையில் 7 கிராமுக்கு மேல் கிடைக்கும். ஒரு வேளை உணவில் ஒரு பழத்தையும் ஒரு கரண்டி பருப்பையும் கூட்டுவதே ஆய்வு பேசுகிற அளவைத் தாண்டிவிடுகிறது என்பது எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் விவரம். ஏனென்றால் புற்றுநோய் சிகிச்சையில் நோயாளி தன் கையால் செய்துகொள்ளக்கூடியவை மிகச் சிலவே.

மனிதச் செரிமான நொதிகள் நார்ச்சத்தை உடைக்க முடியாது. அது பெருங்குடல்வரை அப்படியே போய்ச் சேர்கிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் எனும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை குடற்சுவரின் செல்களுக்கு ஆற்றல் தருவதோடு, டி செல்களின் நடத்தையையும் மாற்றுகின்றன. இதைப் படித்தவுடன் பியூட்டிரேட் மாத்திரையைத் தேடுபவர்கள் உண்டு. அவர்கள் அறிய வேண்டியது, இபிலிமுமாப் பெற்ற நோயாளிகளை ஆராய்ந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில், இரத்தத்தில் பியூட்டிரேட் மிகுந்திருந்தவர்களுக்கு மருந்தின் பலன் குறைவாக இருந்தது என்பதை. முழு உணவின் விளைவைத் தனியொரு வேதிப்பொருளாகச் சுருக்கிவிட முடியாது. பல வகைத் தானியம், பயறு, காய், பழம், கொட்டை ஆகியவற்றில் உள்ள வெவ்வேறு நார்கள் வெவ்வேறு பாக்டீரியாக்களுக்கு இரையாகின்றன; ஒரே வகை நார்ப்பொடி அந்த இடத்தை நிரப்பாது.

நார்ச்சத்துக்கான ஆதாரத்தின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனிதத் தரவு பெரும்பாலும் உண்டதை நினைவுகூர்ந்து சொல்லும் கேள்வித்தாள்களிலிருந்து வந்தது. யாருக்கு எந்த உணவு என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து வெகுகாலம் பின்தொடர்ந்து பெற்றதல்ல. நன்றாகச் சாப்பிட முடிந்தவர்கள் ஏற்கெனவே உடல்நிலை தேறியவர்களாகவும் இருந்திருக்கலாம். 2023இல் நெதர்லாந்து, பிரிட்டன் நோயாளிகள் 91 பேரிடம் நடந்த ஆய்வில், ஆலிவ் எண்ணெய், மீன், பயறு, காய்கறி, முழுத்தானியம் நிறைந்த மத்தியதரைக்கடல் பாணி உணவை ஒட்டி உண்டவர்களுக்கு மருந்தின் பலன் கூடுதலாக இருந்தது. அதுவும் இதே வகை ஆய்வுதான். ஆயினும் இரண்டு வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு குழுக்கள் ஒரே திசையைச் சுட்டுவதும், எலிச் சோதனை காரணத்தை விளக்குவதும், அந்த உணவு இதயத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் எப்படியும் நல்லது என்பதும் சேர்ந்து, இந்தத் தேர்வை மற்றவற்றுக்கு முன்னால் நிறுத்துகின்றன.

புரோபயாடிக் மாத்திரையின் கதை இதற்கு நேர் எதிரானது. உயிருள்ள "நல்ல பாக்டீரியா" என்ற சொல்லே நம்பிக்கை ஊட்டுவதால், மருத்துவரிடம் சொல்லாமலே பலர் இதை வாங்கி விழுங்குகிறார்கள். மேற்சொன்ன 2021 ஆய்விலும் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அண்மையில் புரோபயாடிக் எடுத்ததாகக் கூறியிருந்தார்கள். அவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. மருந்து சிறப்பாகப் பலித்தது, போதிய நார்ச்சத்து உண்டும் புரோபயாடிக் எடுக்காமலும் இருந்தவர்களுக்கு. எலிகளிலோ, கடைகளில் கிடைக்கும் வகை புரோபயாடிக்கைக் கொடுத்தபோது பிடி-1 மருந்தின் பலன் குறைந்து, கட்டிக்குள் நுழையும் டி செல்களின் எண்ணிக்கையும் குறைந்தது. இதோடு இஸ்ரேலின் வைஸ்மன் ஆராய்ச்சி நிறுவனம் 2018இல் வெளியிட்ட முடிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆன்டிபயாடிக் எடுத்த ஆரோக்கியமானவர்களுக்கு அதன் பின் புரோபயாடிக் கொடுத்தபோது, அவர்களுடைய சொந்தக் குடல் நுண்ணுயிர்கள் பழைய நிலைக்குத் திரும்புவது, எதுவும் கொடுக்காமல் விடப்பட்டவர்களைவிடத் தாமதமானது. வெளியிலிருந்து வந்த சில இனங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கே வாழ்ந்த நூற்றுக்கணக்கான இனங்களைத் திரும்பவிடவில்லை. ஆகவே, "பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்று வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம் இந்த ஒரு விஷயத்தில் செல்லாது என்றே நான் கருதுகிறேன்.

இதே பெயரில் அழைக்கப்பட்டாலும் முற்றிலும் வேறான ஒரு முயற்சியும் உண்டு. குறிப்பிட்ட ஒரே பாக்டீரியாவை அளவிட்டு, மருத்துவ ஆய்வுக்குள் கொடுத்துப் பார்ப்பது. அமெரிக்காவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ மையத்தில், முற்றிய சிறுநீரகப் புற்றுநோயாளிகளுக்கு நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டோடும் சிபிஎம்588 எனப்படும் குளோஸ்ட்ரிடியம் பியூட்டிரிக்கம் பாக்டீரியாவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 2022இல் வெளியான முடிவில், நோய் முற்றாத காலம் பாக்டீரியாவும் பெற்றவர்களுக்கு 12.7 மாதங்களாகவும், மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 2.5 மாதங்களாகவும் இருந்தது. எண்கள் வியக்க வைக்கின்றன. ஆனால் அந்த ஆய்வில் கணக்கில் வந்தவர்கள் 29 பேர் மட்டுமே. ஆய்வு முதன்மையாக அளக்க முனைந்த குடல் பாக்டீரியா மாற்றமும் எதிர்பார்த்தபடி நிகழவில்லை. இது பெரிய ஆய்வுகளைக் கோருகிற நல்ல தொடக்கம். கடைக்குப் போய் வேறேதோ ஒரு புட்டியை வாங்குவதற்கான காரணம் அல்ல.

தயிர் போன்ற புளிக்கவைத்த உணவுகளை மாத்திரையோடு சேர்த்துத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஒரு சோதனையில், பத்து வாரம் புளித்த உணவு மிகுதியாக உண்டவர்களின் குடல் நுண்ணுயிர் வகைகள் பெருகி, அழற்சிக் குறிகள் குறைந்தன. ஆனால் அது புற்றுநோயாளிகளிடம் நடந்ததல்ல. ஏற்கெனவே உண்டு பழகியவர் தொடரலாம் என்பதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மலமாற்று சிகிச்சைக்கு மனிதர்களிடமே நேரடியான ஆதாரம் உண்டு என்பது அதன் தனிச்சிறப்பு. 2021 பிப்ரவரியில் ஒரே இதழில் இரண்டு சிறு ஆய்வுகள் வெளிவந்தன. இரண்டிலும், பிடி-1 மருந்து பலிக்காமல் போன மெலனோமா நோயாளிகளுக்கு, அதே வகை மருந்து நன்கு பலித்தவர்களின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைக் குடலில் செலுத்தி, மருந்தை மீண்டும் கொடுத்தார்கள். இஸ்ரேலின் ஷேபா மருத்துவ மையத்தில் 10 பேரில் 3 பேருக்குக் கட்டி சுருங்கியது. அவர்களில் ஒருவருக்கு முற்றிலுமே மறைந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 15 பேரில் 6 பேருக்குக் கட்டி சுருங்குவதாகவோ நோய் வெகுகாலம் முற்றாமல் நிற்பதாகவோ பலன் தெரிந்தது. எல்லா வழியும் அடைபட்டதாகக் கருதப்பட்ட நோயாளிகள் இவர்கள் என்பதை நினைத்தால் இந்தச் சிறிய எண்களின் கனம் புரியும். 2023இல் கனடாவில் இன்னொரு படி எடுத்துவைக்கப்பட்டது: இதுவரை சிகிச்சை பெறாத 20 மெலனோமா நோயாளிகளுக்கு, ஆரோக்கியமான கொடையாளர்களின் மலத்திலிருந்து தயாரித்த மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு மருந்தைத் தொடங்கியபோது, 13 பேருக்கு, அதாவது 65 சதவீதத்தினருக்கு, பலன் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து மட்டும் பெற்ற ஒரு தரப்பு அந்த ஆய்வில் இல்லை.

இவ்வளவு நம்பிக்கை தருகிற இந்த வழியைத்தான் வீட்டிலோ, ஆய்வுக்கு வெளியே கட்டணம் வாங்கும் இடங்களிலோ ஒருபோதும் முயலக்கூடாது என்று வலியுறுத்த வேண்டியிருக்கிறது. 2019 ஜூனில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிய இருவருக்கு மலமாற்று சிகிச்சை வழியாகப் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஈ-கோலை பாக்டீரியா தொற்றி, ஒருவர் இறந்துவிட்டார். கொடையாளரின் மலத்தை அந்தக் கிருமிக்காக முன்கூட்டிச் சோதிக்காமல் விட்டதே காரணம். புற்றுநோயாளியின் உடல் இத்தகைய தவற்றைப் பொறுக்காது. ஏற்ற மருத்துவ ஆய்வு ஒன்று நடந்துகொண்டிருந்து, அதில் சேரத் தகுதியும் இருந்தால், குறிப்பாக முதல் மருந்து பலிக்காமல் போனவர்கள், மருத்துவரிடம் அதைப் பற்றி நேராகக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

எதையும் சேர்க்காமல், எதைத் தவிர்ப்பது என்று பார்ப்பதும் ஒரு தேர்வுதான். பிரிட்டனில் 196 நோயாளிகளைப் பின்தொடர்ந்த 2019 ஆய்வில், இம்யூனோதெரபிக்கு முந்தைய 30 நாட்களுக்குள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள் உயிர்வாழ்ந்த இடைநிலைக் காலம் (பாதிப்பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 2 மாதங்களாகவும், எடுக்காதவர்களுடையது 26 மாதங்களாகவும் இருந்தது. சிகிச்சை தொடங்கிய பின் எடுத்த ஆன்டிபயாடிக்குக்கு அத்தகைய தொடர்பு தென்படவில்லை. இந்த எண்களைப் படித்து அஞ்சுபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, ஆன்டிபயாடிக் தேவைப்பட்டவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நோய் கடுமையாக இருந்தவர்கள் என்பதை. வேறுபாடு முழுவதையும் மருந்தின் தலையில் கட்ட முடியாது. எனினும் ஒரு காரணவழி இருப்பதை ஸிட்வோகலின் குழு 2023இல் எலிகளில் காட்டியது: ஆன்டிபயாடிக்குக்குப் பின் பெருகும் சில பாக்டீரியாக்களால் குடற்சுவரில் மேட்கேம்-1 எனும் புரதம் குறைகிறது, அப்போது, குடலிலேயே தங்கியிருக்க வேண்டிய, எதிர்ப்பை அடக்கும் டி செல்கள் அங்கிருந்து புறப்பட்டுக் கட்டிக்குள் சென்று தங்கிவிடுகின்றன. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரைகளையும் குறைந்த பலனோடு தொடர்புபடுத்தும் ஆய்வுகள் உள்ளன. அவையும் தொடர்பை மட்டுமே காட்டுபவை, காரணத்தை நிரூபிப்பவை அல்ல. நடைமுறையில் இதன் பொருள் எளியது. சளி, சாதாரணத் தொண்டை வலி ஆகியவற்றுக்குப் பழக்கத்தால் ஆன்டிபயாடிக் விழுங்குவதை நிறுத்த வேண்டும். ஏன் தொடங்கினோம் என்பதே மறந்துபோன அமில மாத்திரையை மருத்துவரிடம் காட்டி இன்னும் வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஆனால் உண்மையான பாக்டீரியத் தொற்றுக்கு மருத்துவர் எழுதும் ஆன்டிபயாடிக்கை மறுப்பது உயிரோடு விளையாடுவது. தொற்று இன்றைக்கே கொல்லக்கூடும்.

இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கையில், வீட்டிலேயே எடுக்கக்கூடிய முடிவாக நான் முன்வைப்பது நார்ச்சத்து மிகுந்த பலவகை உணவையும், தேவையற்ற மருந்துகளைக் களைவதையுமே. மலமாற்று சிகிச்சையும் ஒற்றை பாக்டீரியா சிகிச்சையும் மருத்துவ ஆய்வின் கண்காணிப்புக்குள் இருக்க வேண்டியவை. கடையில் வாங்கும் புரோபயாடிக்கை, வேறொரு நோய்க்காக மருத்துவர் எழுதியிருந்தாலன்றி, சிகிச்சைக் காலத்தில் ஒதுக்கிவைப்பதே நல்லது. மலத்தை அனுப்பிச் சோதித்து "உங்கள் குடல் மதிப்பெண்" தருவதாகச் சொல்லும் பரிசோதனைகளுக்குப் பணம் செலவிடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த பாக்டீரியா இருந்தால் மருந்து பலிக்கும் என்பதில் ஆய்வுகளே உடன்படாதபோது, அந்த மதிப்பெண்ணை வைத்து நோயாளி செய்யக்கூடியது எதுவுமில்லை.

இந்த முடிவு எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது. குடலில் கட்டியால் அடைப்பு இருப்பவர்கள், அடைப்பு வரக்கூடும் என்று எச்சரிக்கப்பட்டவர்கள், அண்மையில் குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு நார்ச்சத்து மிகுந்த உணவே ஆபத்தாகலாம். வேகமாக எடை குறைந்துகொண்டிருப்பவருக்கு, சீக்கிரம் வயிற்றை நிரப்பிவிடும் காய்கறிக் குவியலைவிடக் கலோரியும் புரதமுமே முதல் தேவை. அவரை நார்ச்சத்துக் கணக்கால் வருத்துவது சரியல்ல. மற்றவர்களும் ஒரே நாளில் உணவை மாற்றிவிடாமல், வாரத்துக்குச் சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீரும் போதிய அளவு குடிக்க வேண்டும். அவசரப்பட்டால் வாயுவும் வயிற்று உப்புசமும் வந்து, சில நாட்களிலேயே முயற்சியைக் கைவிட நேரும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டிய இடம் வயிற்றுப்போக்கு. பிரேக் தளர்ந்த டி செல்கள் சிலசமயம் பெருங்குடலையே தாக்கி அழற்சியை உண்டாக்கும். இபிலிமுமாப் சேர்ந்த சிகிச்சையில் இது அதிகம். வழக்கத்தைவிடக் கூடுதலாக மலம் இளகிப் போகத் தொடங்கினால், உணவு மாற்றத்தின் விளைவு என்று நினைத்துப் பொறுத்திருக்கக் கூடாது. நார்ச்சத்தை நிறுத்திவிட்டு அன்றே சிகிச்சைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வயிற்றுப்போக்கோடு இரத்தமோ கடும் வயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதற்கு ஸ்டீராய்டு உள்ளிட்ட சிகிச்சைகள் உண்டு. காலத்தில் தொடங்கினால் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். எத்தனை முறை போனது, எந்த நாளில் தொடங்கியது, அந்த வாரம் உணவில் புதிதாகச் சேர்த்தது என்ன, கடையில் தானாக வாங்கிய மாத்திரை எது என்று குறித்து வைத்திருப்பவரின் மருத்துவருக்கு, அழற்சியையும் வெறும் செரிமானக் கோளாற்றையும் பிரித்தறிவது எளிதாகிறது. அழற்சி அடங்கியபின் நார்ச்சத்தை மீண்டும் எப்போது, எந்த அளவில் தொடங்கலாம் என்பதையும் அந்தக் குறிப்பை வைத்து மருத்துவரும் உணவியலாளரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.